தோலா, எலும்பா? பாக்கெட் பல்கருவிக் கத்திகளின் கைப்பிடிப் பொருள்கள்

சிவப்புப் பிளாஸ்டிக் கைப்பிடி போட்ட ஒரு சுவிஸ் மடக்குக் கத்தியை எடுத்து, அதன் இரண்டு பக்கத் தகடுகளையும் நெம்பிக் கழற்றிவிடலாம். உள்ளே அலுமினியத் தகடுகளும் பித்தளை ஆணிகளும் எஃகு வில்களும் தெரியும். அலகு அப்போதும் திறக்கும், திருப்புளி அப்போதும் திருகும். பிடித்தால் கையை உறுத்தும், அவ்வளவுதான். இனி நடுவில் குறடு வைத்து மடங்கும் வகைப் பல்கருவி ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதன் கைப்பிடியைக் கழற்றினால் மிஞ்சுவது குறட்டின் தாடை மட்டும்தான். அதை வைத்து ஒரு ஆணியைக்கூடப் பிடுங்க முடியாது.

முதல் வகையில் கைப்பிடி என்பது தோல். இரண்டாவதில் அது எலும்பு. டைட்டானியம் நல்லதா, அலுமினியம் நல்லதா, ஜி-10 என்ற கண்ணாடி இழைப் பலகை நல்லதா என்று கேட்பவர்கள் பெரும்பாலும் இந்த இரண்டையும் ஒரே தட்டில் வைத்துத்தான் எடை போடுகிறார்கள். அதனால்தான் பதிலும் குழப்பமாகவே கிடைக்கிறது. தோலுக்கு வேண்டியது தொடு உணர்வு, பிடிமானம், வியர்வையையும் எண்ணெயையும் தாங்கும் குணம். எலும்புக்கு வேண்டியது வளையாமை. இதை மனதில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு பொருளையும் பார்த்தால் எல்லாம் தெளிவாக இருக்கும்.

தோல் வகையின் வரலாற்றை ஒரே கத்தியை வைத்துச் சொல்லிவிடலாம். சுவிட்சர்லாந்து ராணுவத்தின் சிப்பாய்க் கத்திதான் அது. 1890ஆம் ஆண்டு மாதிரிக்கு அடர்நிற ஓக் மரத்தில் கைப்பிடி போட்டார்கள். முதல் கத்திகள் ஜெர்மனியின் ஸோலிங்கன் நகரிலிருந்து வந்தன. இபாக் என்ற சிற்றூரில் 1884இல் பட்டறை தொடங்கியிருந்த கார்ல் எல்ஸ்னர், 1891 முதல் ராணுவத்துக்குக் கத்தி கொடுக்கத் தொடங்கினார். பின்னாளில் விக்டோரினாக்ஸ் என்று பெயர் பெற்ற நிறுவனம் அவருடையது. 1908 மாதிரியில் மரம் போய், சிவப்பு நிற ஃபைபர் வந்தது. 1951 மாதிரியிலும் ஃபைபர்தான். 1961 மாதிரியில் வரிவரியாகக் கோடு போட்ட அலுமினியம். 2008 மாதிரியில் பச்சை நிறப் பிளாஸ்டிக்கும், கை படும் இடங்களில் மெத்தென்ற கறுப்புப் பட்டைகளும். மரம், ஃபைபர், அலுமினியம், பிளாஸ்டிக் என்று ஒரே வேலைக்கான ஒரே கத்தி மூன்று முறை தோல் மாற்றியிருக்கிறது.

இதில் ஃபைபர் என்பது இன்று பலரும் மறந்துபோன பொருள். வல்கனைஸ்டு ஃபைபர் என்று பெயர் இருந்தாலும் அதில் ரப்பரும் இல்லை, கந்தகமும் இல்லை. பருத்திக் கூழில் செய்த காகிதத் தாள்களைத் துத்தநாகக் குளோரைடு கரைசலில் நனைத்து, ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி, உப்பைக் கழுவி வெளியேற்றி, அழுத்தி உலர்த்துவார்கள். பிரிட்டனில் இதற்கு 1859இலேயே காப்புரிமை வாங்கிவிட்டார்கள். மரத்தைப் போல இழையோட்டத்தின் வழியே பிளக்காது, கீழே விழுந்தால் சில்லு தெறிக்காது. ஆனால் அடிப்படையில் காகிதம்தான் என்பதால் தண்ணீரைக் குடித்து உப்பும்.

இனி சிவப்புப் பிளாஸ்டிக்குக்கு வருவோம். பல்கருவிக் கத்தி என்றதும் உலகெங்கும் பெரும்பாலானோர் கண்முன் வரும் அந்தப் பளபளப்பான சிவப்புதான் செலிடார். அது வணிகப் பெயர். பொருளின் பெயர் செல்லுலோஸ் அசிடேட் பியூட்டிரேட். தாவரங்களில் கிடைக்கும் செல்லுலோஸை எடுத்து, அதோடு அசிட்டிக் அமிலத்தையும் பியூட்டிரிக் அமிலத்தையும் வினைபுரியச் செய்தால் கிடைப்பது. அதாவது பெட்ரோலியத்தை மூலப்பொருளாகக் கொண்ட பிளாஸ்டிக்குகளைவிட இது ஒருவகையில் மரத்துக்குத்தான் நெருங்கிய உறவு. எடை குறைவு, கன சென்டிமீட்டருக்குச் சுமார் 1.2 கிராம். இயல்பிலேயே ஒளி ஊடுருவும் என்பதால் கண்ணாடி போன்ற வண்ணங்களும் சாத்தியம். கையில் வைத்திருந்தால் சில நொடிகளில் உடம்புச் சூட்டுக்கு வந்துவிடும். இந்தக் கடைசிக் குணத்துக்காகவே நான் இதை விரும்புகிறேன்.

பியூட்டிரிக் அமிலம் என்றால் என்ன வாசனை என்று தெரிய வேண்டுமா? பழைய திருப்புளிகளைப் போட்டு வருடக்கணக்கில் மூடி வைத்திருந்த கருவிப் பெட்டியைத் திறந்து பாருங்கள். கெட்டுப்போன வெண்ணெயும் வாந்தியும் கலந்தது போல ஒரு நாற்றம் அடிக்கும். திருப்புளிக் கைப்பிடிகள் பலவும் இதே பிளாஸ்டிக்தான். காலப்போக்கில் அது மெல்லச் சிதைந்து, உள்ளே இருந்த அமிலத்தை வெளியே விடுகிறது. காற்றோட்டமான இடத்தில் இருக்கும், அடிக்கடி கையில் புழங்கும் கத்தியில் இது சாதாரணமாகத் தெரியாது. நெடுங்காலம் டப்பாவில் அடைத்து வைத்தால் தெரியலாம்.

செலிடார் குடும்பத்தின் பெரிய பலவீனம் கரைப்பான்கள். நகப்பூச்சு நீக்கும் அசிட்டோன் பட்டால் மேற்பரப்பு உருகி மங்கிப்போகும். கொசுவிரட்டித் திரவங்களில் இருக்கும் டீட் என்ற வேதிப்பொருளும் அப்படித்தான். தோலில் பூசினால் ஒன்றும் செய்யாத அந்தத் திரவம் பல பிளாஸ்டிக்குகளுக்கு நல்ல கரைப்பான். என்னிடம் இருந்த ஒரு மடக்குக் கத்தியைப் பையில் கொசுவிரட்டிப் புட்டியோடு சேர்த்துப் போட்டு வைத்திருந்தேன். மூடி சரியாக இறுகவில்லை. இரண்டு நாள் கழித்து எடுத்தபோது கைப்பிடியின் ஒரு பக்கம் பிசுபிசுவென்று விரலில் ஒட்டியது, என் கைரேகையே அதில் பதிந்தது. காய்ந்த பிறகும் அந்தப் பளபளப்பு திரும்பவில்லை. வெளியூர்ப் பயணத்துக்குக் கத்தி எடுத்துப்போகும் யாருக்கும் நான் முதலில் சொல்வது இதைத்தான். கத்தி ஒரு அறையில், கொசுவிரட்டி வேறு அறையில்.

இதற்கு முன்னால் இருந்த செல்லுலாய்டின் கதை இன்னும் மோசம். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், யானைத் தந்தத்துக்கு மாற்றாகப் பில்லியர்ட்ஸ் பந்து செய்யும் முயற்சியின் ஊடே வளர்ந்த பொருள் அது. நைட்ரோசெல்லுலோஸையும் கற்பூரத்தையும் கலந்து செய்தார்கள். முத்துச்சிப்பி போலவும் ஆமை ஓடு போலவும் கண்ணைப் பறிக்கும் வடிவங்கள் அதில் வரும், அதனால் பழைய பேனாக்கத்திகளில் நிறையப் பார்க்கலாம். எளிதில் தீப்பற்றும் என்பது எல்லோருக்கும் தெரிந்த ஆபத்து. தெரியாத ஆபத்து ஒன்று உண்டு. வயதான செல்லுலாய்டு சிதையும்போது நைட்ரஜன் ஆக்ஸைடு வாயுக்களை விடுகிறது, ஈரத்தோடு சேர்ந்து அது நைட்ரிக் அமிலமாகிறது. கைப்பிடி தன் கத்தியையே அரிக்கத் தொடங்கும். அந்தக் கத்தி மட்டுமல்ல, ஒரே பெட்டியில் பக்கத்தில் இருக்கும் மற்றக் கத்திகளும் துருப்பிடிக்கும். தாத்தா காலத்துக் கத்தி ஒன்று வீட்டில் இருந்து, அதன் கைப்பிடி நுணுக்கமாக வெடித்து, அலகில் திடீரென்று துரு கண்டால், முதல் வேலையாக அதைத் தனியே பிரித்துக் காற்றாட வையுங்கள்.

அலாக்ஸ் என்று அழைக்கப்படும் அலுமினியக் கைப்பிடிக்கு ரசிகர்கள் அதிகம். அலுமினியம் ஆக்ஸைடு என்பதன் சுருக்கம்தான் அந்தப் பெயர். தகட்டில் முதலில் சிறு சிறு கட்டங்களாக வரிகளை அழுத்திப் பதித்து, பிறகு அமிலக் குளியலில் வைத்து மின்சாரம் பாய்ச்சுகிறார்கள். மேற்பரப்பு ஆக்ஸைடாக மாறுகிறது. ஆக்ஸைடு படலத்தில் மிகச் சிறிய துளைகள் இருக்கும், அதில் சாயம் ஏற்றி மூடிவிட்டால் நிறமும் நிலைக்கும். சாதாரண அலுமினியம் கையைக் கறுப்பாக்கும், இது ஆக்காது.

அந்தப் படலம் மிகவும் கடினமானது. ஆனால் அதன் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு என்ற அளவில்தான் இருக்கும். அதற்குக் கீழே இருப்பது மென்மையான உலோகம். ஆகவே சாவிக்கொத்தின் உரசலைத் தாங்கும் கைப்பிடி, கல்தரையில் முனை குத்த விழுந்தால் நெளிந்துவிடும், அந்த இடத்தில் நிறமும் போகும். இன்னொன்று, சோடா போன்ற காரப் பொருள்கள் இதற்கு ஆகாது. பாத்திரம் கழுவும் இயந்திரத்தில் போட்டால் அதற்கான சலவைத்தூளே நிறத்தை வெளுத்துவிடும். கையால் சோப்பு போட்டுக் கழுவித் துடைத்தால் போதும்.

செலிடாருக்கும் அலாக்ஸுக்கும் இடையே பொருளைவிட முக்கியமான ஒரு வேறுபாடு, அவை கத்தியோடு சேரும் விதம். செலிடார் தகடு, உள்ளே இருக்கும் ஆணித் தலைகளின் மேல் அழுத்திப் பொருத்தப்படுகிறது. உடைந்தால் கழற்றிவிட்டுப் புதியதை அழுத்தினால் முடிந்தது. அலாக்ஸ் தகட்டை ஆணி ஊடுருவிப் போகிறது. அதைக் கழற்ற வேண்டுமானால் ரிவிட்டையே எடுக்க வேண்டும், கத்தி முழுவதும் பிரிந்து வந்துவிடும். அலாக்ஸ் தகடு மெல்லியது, அதனால் கத்தி சட்டைப்பையில் இருப்பதே தெரியாது. அதே மெல்லிய தன்மையால்தான் பல்குச்சியும் சிமிட்டாவும் செருகி வைக்க அதில் இடம் இருப்பதில்லை. அந்தச் சிமிட்டா எனக்கு எத்தனை முள்ளை எடுத்துக் கொடுத்திருக்கிறது என்று எண்ணிப் பார்க்கும்போது, மெல்லிய கத்திக்காக அதை விட்டுக்கொடுக்க எனக்கு மனம் வராது. வேறொருவருக்கு இந்தக் கணக்கு நேர்மாறாகவும் இருக்கலாம்.

அப்புறம், குளிர். ஒரே அறையில் ஒரே வெப்பநிலையில் கிடந்தாலும் உலோகம் ஜில்லென்று இருக்கும், பிளாஸ்டிக் அப்படி இருக்காது. கைச்சூட்டை எவ்வளவு வேகமாக உறிஞ்சுகிறது என்பதுதான் காரணம். கைப்பிடிக்குப் பயன்படும் உலோகங்களுக்குள்ளேயே இதில் பெரிய இடைவெளி உண்டு. அலுமினியக் கலவைகள் எவர்சில்வரைவிடப் பத்து மடங்கு அளவுக்குச் சூட்டைக் கடத்தும். டைட்டானியக் கலவையோ எவர்சில்வரில் ஏறக்குறைய பாதிதான் கடத்தும். பனிக்காலையில் கையுறை இல்லாமல் வேலை செய்பவர்களுக்கு டைட்டானியம் பிடித்துப்போக இதுவும் ஒரு காரணம். வெயிலில் காய்ந்துகொண்டிருந்த கருவியை எடுக்கும்போதும் இதே கணக்குத்தான்.

சரி, எலும்பு வகைக்கு வருவோம். டிம் லெதர்மேன் 1983இல் விற்பனைக்குக் கொண்டுவந்த முதல் கருவி, குறட்டை மையமாக வைத்த பல்கருவிகளுக்கு வழி திறந்தது. கைப்பிடி துருப்பிடிக்காத எஃகுத் தகட்டை வாய்க்கால் போல மடித்துச் செய்தது. ஏன் எஃகு என்பதற்கு ஒரு சின்னக் கணக்குப் போதும். குறட்டின் அச்சாணியிலிருந்து 8 சென்டிமீட்டர் தள்ளிக் கையால் அழுத்துகிறோம், தாடையில் பொருள் 2 சென்டிமீட்டரில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கையில் கொடுக்கும் 20 கிலோ அழுத்தம் தாடையில் 80 கிலோவாக வந்து சேரும். அவ்வளவையும் அந்த மெல்லிய வாய்க்கால் தகடு வளையாமல் கடத்த வேண்டும்.

இங்கேதான் வலிமைக்கும் விறைப்புக்கும் உள்ள வேறுபாட்டைப் புரிந்துகொள்ள வேண்டும். உடையாமல் இருப்பது வலிமை, வளையாமல் இருப்பது விறைப்பு. டைட்டானியக் கலவை எஃகைப் போலவே வலிமையாக இருக்கலாம், ஆனால் அதன் விறைப்பு எஃகில் பாதியைவிடக் கொஞ்சம் கூடுதல்தான். அலுமினியத்தின் விறைப்பு மூன்றில் ஒரு பங்கு. எடையிலும் கிட்டத்தட்ட இதே விகிதம்தான். கன சென்டிமீட்டருக்கு எஃகு 7.8 கிராம், டைட்டானியம் 4.5, அலுமினியம் 2.7. ஆகவே அதே தடிமனில் எஃகை எடுத்துவிட்டு டைட்டானியம் வைத்தால் எடை குறையும், ஆனால் அழுத்தும்போது கைப்பிடி கொஞ்சம் வில்லாக வளையும். அதை ஈடுகட்ட தடிமனைக் கூட்ட வேண்டும். கூட்டினால் மடித்த கருவி பாக்கெட்டில் தடிக்கும்.

இதனால்தான் குறட்டுப் பல்கருவிகளில் எஃகு இன்னும் அசையாமல் உட்கார்ந்திருக்கிறது. எடையைக் குறைக்க விரும்பிய வடிவமைப்பாளர்கள் உலோகத்தை மாற்றுவதைவிட, வேலையில்லாத இடத்தை வெட்டி எடுப்பதையே அதிகம் செய்திருக்கிறார்கள். லெதர்மேன் வேவ் பிளஸ் 241 கிராம். அதே நிறுவனத்தின் ஸ்கெலிடூல் 142 கிராம்தான். இரண்டாவதில் கருவிகள் குறைவு, கைப்பிடியிலும் பெரிய பெரிய துளைகள். அலுமினியத்தை வெளிப்பக்கத் தகடாக வைத்து, சுமையை எஃகுச் சட்டத்திடம் விட்டுவிடுவது இன்னொரு வழி. அதாவது எலும்புக்கு மேல் தோல் போர்த்துவது.

எஃகுக் கைப்பிடியின் குறை அதன் விளிம்பு. தகட்டை மடித்துச் செய்த ஆரம்பக்காலக் கருவிகளில் குறட்டை இறுக்கி அழுத்தினால் தகட்டின் ஓரம் உள்ளங்கையைக் கீறும். கம்பி வெட்டிக்கொண்டே இருந்தால் கையில் சிவப்புக் கோடு விழும். பின்னால் வந்த மாதிரிகளில் கைப்பிடி மடங்கும் திசையை மாற்றியும், ஓரங்களை உருட்டியும் இதைச் சரிசெய்தார்கள். வாங்கும்முன் திறந்து, குறட்டுக்கு நடுவில் எதையாவது வைத்து ஒரு தடவை நன்றாக அழுத்திப் பார்ப்பது எந்த விவரப் பட்டியலைவிடவும் அதிகம் சொல்லும்.

நைலானுக்கு வந்தால், கண்ணாடி இழை கலந்த நைலான் பெரிய அளவுக் கத்திகளில் அதிகம். செலிடார் போலப் பளபளக்காது, மங்கலான மேற்பரப்பு. அடி தாங்குவதில் அதைவிடக் கெட்டி. நைலான் காற்றின் ஈரத்தைக் கொஞ்சம் உறிஞ்சிக்கொள்ளும், அந்த ஈரம் அதைச் சற்று மென்மையாக்கி இன்னும் உடையாததாக ஆக்கும். எண்ணெய்க்கும் பெட்ரோலுக்கும் அசைந்துகொடுக்காது. வண்டி வேலை பார்ப்பவருக்கு நான் இதைத்தான் சொல்வேன். மேலே ரப்பர் போன்ற மென்பட்டை வைத்த கைப்பிடிகள் நனைந்த கையில் அருமையாகப் பிடிபடும். ஆனால் சில வகை மென்பூச்சுகள் வருடங்கள் போகப் போகப் பிசுபிசுக்கத் தொடங்கும். வார்ப்பாகச் சேர்த்த பட்டை நிற்கும், மேலே தெளித்த பூச்சு நிற்காது என்பது பொதுவாகச் சரியாக வரும்.

ஜி-10, மைக்கார்ட்டா, கார்பன் இழை மூன்றும் ஒரே யுக்தியின் மூன்று பிள்ளைகள். துணியையோ காகிதத்தையோ பிசினில் தோய்த்து, அடுக்கி, சூட்டிலும் அழுத்தத்திலும் ஒரே பலகையாக்குவது. கண்ணாடி இழைத் துணியும் எப்பாக்ஸிப் பிசினும் என்றால் ஜி-10. மின்சுற்றுப் பலகைகளுக்கான பொருளாக வளர்ந்தது, தண்ணீரைக் கிட்டத்தட்டக் குடிக்கவே குடிக்காது. பருத்தித் துணி அல்லது காகிதமும் பீனாலிக் பிசினும் என்றால் மைக்கார்ட்டா. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெஸ்டிங்ஹவுஸ் மின்காப்புக்காக உருவாக்கியது அது. கார்பன் இழை மூன்றிலும் லேசானது, ஆனால் கத்தித் தகட்டளவில் குறையும் எடை சில கிராம்தான். அழகுக்காக வாங்கினால் தப்பில்லை.

பல்கருவிக் கத்திகளில் இவை பெரும்பாலும் பின்னால் மாற்றிப் போடும் தகடுகளாகவே வருகின்றன. என் தேர்வு மைக்கார்ட்டா. ஜி-10இன் சொரசொரப்பு உறுதியாகப் பிடிபடும், ஆனால் அரம் போல இருப்பதால் பாக்கெட் ஓரத்தைத் தேய்த்து நூல் பிரித்துவிடும். மைக்கார்ட்டாவில் துணியின் நெசவே மேற்பரப்பு. கை எண்ணெய் ஏறி நிறம் கறுத்து, ஒரு வருடத்தில் அது உங்கள் கத்தியாக மாறிவிடும். ஒரே ஒரு எச்சரிக்கை. ஜி-10ஐயும் கார்பன் இழையையும் வீட்டில் உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பதானால் முகக்கவசம் கட்டாயம், தண்ணீர் விட்டு ஈரமாகத் தேய்ப்பது நல்லது. அந்தத் தூசி நுரையீரலுக்குக் கேடு.

மரத்தைப் பற்றிச் சொல்லும்போது ஒரு விஷயத்தை நினைவில் வைக்கலாம். ஈரம் ஏறி இறங்கும்போது மரம் நீளவாக்கில் கிட்டத்தட்ட மாறுவதே இல்லை, குறுக்குவாக்கில்தான் விரிந்து சுருங்கும். கைப்பிடித் தகடு நீளமும் ஒல்லியுமாக இருப்பதால் பெரும்பாலும் பாதிப்பு தெரியாது. ஆனால் ஆணி இறுக்கிப் பிடித்திருக்கும் இடத்தில் சுருங்க இடம் இல்லாமல் வெடிப்பு விழும். ஆண்டுக்கு இரண்டு தடவை ஆளிவிதை எண்ணெய் தடவினால் ஈரம் ஏறுவதும் இறங்குவதும் மெதுவாகும். வெற்றிடத்தில் பிசின் ஏற்றிக் கெட்டிப்படுத்திய மரம் இந்தத் தொல்லையே தராது, ஆனால் தொட்டால் பாதி பிளாஸ்டிக் போல இருக்கும். கொம்பும் எலும்பும் இன்னும் முரண்டு பிடிப்பவை. கொம்பு நம் நகத்தைப் போன்ற கெரட்டின், காலப்போக்கில் அடுக்கடுக்காகப் பிரியும், சில பூச்சிகள் அதைத் தின்னவும் செய்யும். எலும்பு அதிகச் சூட்டில் வெடிக்கும்.

மின்சாரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இது உயிர் சம்பந்தப்பட்டது. பிளாஸ்டிக் கைப்பிடி இருக்கிறதே என்று மின்சாரம் ஓடும் கம்பியைத் தொடக்கூடாது. செலிடாரும் நைலானும் மின்சாரத்தைக் கடத்தாது என்பது உண்மை. ஆனால் மடக்குக் கத்தியின் முதுகிலும் ஓரத்திலும் உலோகத் தகடும் வில்லும் வெளியே தெரிகின்றன, விரல் அங்கேதான் படுகிறது. எஃகுப் பல்கருவியோ முழுக்க முழுக்க மின்கடத்தி. மின்வேலைக்கென்று முழுவதும் காப்புப் போட்டுச் சோதித்த கருவிகள் தனியாக இருக்கின்றன.

தேர்ந்தெடுப்பதில் என் வழி எளிமையானது. குறடு உங்களுக்கு முதன்மையான கருவி என்றால் எஃகுச் சட்டம் உள்ளதை எடுத்து, அதன் ஓரம் உருட்டப்பட்டிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். அலகும் திருப்புளியும்தான் அன்றாட வேலை என்றால், தகட்டை அழுத்திப் பொருத்தும் வகையை எடுங்கள். தோல் பழசானால் மாற்றிக்கொள்ளலாம். மாற்றும்போது மெல்லிய தட்டை முனை ஒன்றைத் தகட்டுக்கும் உலோகத்துக்கும் நடுவில் விட்டு, ஒரு முனையிலிருந்து மெதுவாக நெம்ப வேண்டும். ஆணித் தலைகளில் ஒட்டியிருக்கும் பழைய பிளாஸ்டிக் துணுக்குகளைச் சுரண்டி எடுத்துவிட்டு, புதிய தகட்டின் குழிகள் ஆணித் தலைகளுக்கு நேராக இருக்கிறதா என்று பார்த்து, கட்டைவிரலால் அழுத்துங்கள். ஒவ்வொரு ஆணியும் உட்காரும்போது ஒரு சின்ன ‘டக்’ சத்தம் கேட்கும். அந்தச் சத்தம் வராத இடத்தில் மட்டும் இன்னொரு தடவை அழுத்திவிடுங்கள்.